ஆப்பிரிக்கச் சிறுகதை: வாசகர் வட்டத்துக்கு முதலில் எந்தப் புத்தகம்?

மூன்று மாதம், மாதத்துக்கு இரண்டு கூட்டம், எட்டுப் பத்துப் பேர். ஆப்பிரிக்கச் சிறுகதைகளை எடுப்போம் என்று பேச்சு வந்ததும் யாராவது ஒருவர் தொகைநூல் ஒன்றைக் காட்டி, “இதில் எல்லா நாடும் இருக்கிறதே, இதையே எடுத்துக்கொள்ளலாம்” என்பார். எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். இரண்டாவது கூட்டத்துக்குப் பாதிப் பேர்தான் வருவார்கள்.

காரணம் கதைகளின் தரம் இல்லை. 54 நாடுகள் உள்ள கண்டம் அது. தொகைநூலில் ஒரு கதை நைரோபியில் நடக்கும், அடுத்தது கேப்டவுனில், அதற்கடுத்தது கார்ட்டூமில். ஒவ்வொன்றிலும் சாப்பாட்டுக்கு வேறு பெயர், கட்சிக்கு வேறு பெயர், ஆங்கிலமே வேறு ஆங்கிலம். காது பழகுவதற்குள் கதை முடிந்துவிடும். நடத்துபவர் “இந்த நாடு எப்போது சுதந்திரம் பெற்றது தெரியுமா” என்று ஆரம்பித்து இருபது நிமிடம் ஜி.கே. வகுப்பு எடுப்பார். கதையைப் பற்றிப் பேசப் பத்து நிமிடம்தான் மிஞ்சும். ஒரே எழுத்தாளரின் தொகுப்பென்றால் முதல் கதைக்குப் பட்ட பாடு கடைசிக் கதைவரை உதவும்.

ஆகவே ஒற்றை ஆசிரியர் தொகுப்புதான் முதலில். அதில் யாருடையது என்பதுதான் உண்மையான கேள்வி. எளிதில் கிடைப்பவற்றில் நான்கு பேரைப் பார்க்கலாம்: நைஜீரியாவின் சிமமாண்டா எங்கோசி அடிச்சி, ஜிம்பாப்வேயின் பெட்டினா கப்பா, நைஜீரியப் பின்னணியில் அமெரிக்காவிலிருந்து எழுதும் லெஸ்லி இன்னெக்கா அரிமா, நைஜீரியாவின் உவெம் அக்பான்.

வழக்கமாக எல்லோரும் அடிச்சியைச் சொல்வார்கள். ‘த திங் அரௌண்ட் யுவர் நெக்’ (2009) தொகுப்பில் பன்னிரண்டு கதைகள். ஆங்கிலம் தெளிந்த நீர். அகராதி அதிகம் தேவைப்படாது. கல்லூரிப் பாட ஆங்கிலம் மட்டும் உள்ளவர்கள் வட்டத்தில் பாதிக்குமேல் இருந்தால் இதைவிடப் பாதுகாப்பான தேர்வு இல்லை.

அவருடைய கைத்திறனுக்கு ‘எ பிரைவேட் எக்ஸ்பீரியன்ஸ்’ ஒன்று போதும். கானோ நகரச் சந்தையில் கலவரம். மருத்துவம் படிக்கும் இக்போ கிறித்தவப் பெண் சிக்காவும், வெங்காயம் விற்கும் ஹௌசா முஸ்லிம் பெண் ஒருத்தியும் ஆளில்லாத சின்னக் கடை ஒன்றுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். அந்தப் பெண் தன் இடுப்புத் துணியை அவிழ்த்துத் தரையில் விரித்து சிக்காவை உட்காரச் சொல்கிறாள். சிக்கா டாக்டருக்குப் படிக்கிறாள் என்று தெரிந்ததும், பால் கொடுத்துப் புண்ணான மார்பைக் காட்டி மருந்து கேட்கிறாள். வெளியே வெட்டும் குத்தும், உள்ளே ஓபி சீட்டு. கதை பெரும்பாலும் இந்த ஒரு அறையைவிட்டு நகர்வதில்லை. ஆனால் நடுநடுவே ‘பிறகு சிக்கா தெரிந்துகொள்வாள்’ என்ற பாணியில் வாக்கியங்கள் வருகின்றன. கூடவந்த தங்கையோ அக்காவோ எங்கேயாவது பத்திரமாக இருப்பாள் என்று சிக்கா நம்பிக்கொண்டிருக்கும்போதே, அப்படி இல்லை என்பதை எதிர்காலத்தில் போட்ட வாக்கியங்கள் நமக்குச் சொல்லிவிடுகின்றன. கூட்டத்தில் இந்த வாக்கியங்களுக்கு மட்டும் பென்சிலால் கோடு போட்டு வரச் சொல்லுங்கள். எத்தனையாவது கோட்டில் தனக்கு விஷயம் புரிந்தது என்று ஒவ்வொருவரும் சொன்னாலே ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

தொகுப்பில் ஒரு சிக்கலும் உண்டு. ஏறக்குறைய பாதிக் கதைகள் அமெரிக்காவில் நடப்பவை. ‘தி அரேஞ்சர்ஸ் ஆஃப் மேரேஜ்’ கதையில் பெரியவர்கள் பார்த்துக் கட்டிவைத்த டாக்டர் மாப்பிள்ளையோடு நியூயார்க் வரும் பெண்ணுக்கு, அவன் தன் பெயரையே டேவ் என்று மாற்றிக்கொண்டது தெரியவருகிறது. அவள் பெயரும் அகதா ஆகிறது. பிஸ்கட் என்று சொல்லாதே, குக்கி என்று சொல் என்கிறான். வீட்டில் சமைத்த வாசனை பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாதாம். அருமையான கதைதான். ஆனால் நம் ஆட்கள் கூடிய இடத்தில் இதை எடுத்தால், கதை பத்து நிமிடத்தில் மறந்துபோய் ஒவ்வொருவரும் தன் சொந்தக்கார அமெரிக்க மாப்பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பது உறுதி. முதல் கூட்டத்துக்கு இதை வைக்காதீர்கள். நைஜீரியாவின் என்சுக்கா பல்கலைக்கழகக் குடியிருப்பில் தொடங்கி எனுகு போலீஸ் கொட்டடியில் போய் முடியும் ‘செல் ஒன்’ தொடக்கத்துக்குத் தோது. நேர்கோட்டில் போகிற கதை.

‘தி ஹெட்ஸ்ட்ராங் ஹிஸ்டோரியன்’ கதையைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அதற்கு முன் ஒரு வீட்டுப்பாடமும் உண்டு. நைஜீரிய எழுத்தாளர் சினுவா ஆச்செபேயின் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ நாவல் என்.கே. மகாலிங்கம் மொழிபெயர்ப்பில் ‘சிதைவுகள்’ என்று தமிழில் கிடைக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, பழங்குடிகளை ‘அமைதிப்படுத்தியது’ பற்றித் தான் எழுதப்போகும் புத்தகத்துக்குத் தலைப்பு யோசிப்பார். அடிச்சியின் கதையில் மூன்றாம் தலைமுறைப் பேத்தி பள்ளிப் பாடத்தில் அதே மாதிரித் தலைப்புள்ள புத்தகத்தைச் சந்திக்கிறாள். வளர்ந்த பிறகு தானே மாற்று வரலாறு எழுதுகிறாள். நாவலைப் படிக்காதவருக்கு இது ஒரு குடும்பக் கதை. படித்தவருக்கோ ஐம்பது வருடம் கழித்து வந்த பதில்.

கப்பாவின் ‘ஆன் எலிஜி ஃபார் ஈஸ்டர்லி’ வந்ததும் அதே 2009இல்தான்; கார்டியன் முதல் நூல் பரிசு பெற்றது. பதின்மூன்று கதைகள். கப்பா ஜெனீவாவில் சர்வதேச வணிகச் சட்டம் பார்த்த வழக்கறிஞர். வாக்கியத்தில் அந்தக் கறார் தெரியும், ஆனால் சிரிப்பும் கூடவே வரும். நான்கில் என் வாக்கு இதற்குத்தான்.

பணம் செத்துப்போன ஒரு நாடுதான் இதன் களம். 2009 ஜனவரியில் ஜிம்பாப்வே அச்சடித்த பெரிய நோட்டின் மதிப்பு ஒரு கோடி கோடி டாலர்: ஒன்றுக்குப் பின்னால் பதினான்கு பூஜ்யம். அந்த ஆண்டிலேயே அந்த நாணயத்தைக் கைவிட்டு அந்நிய நாணயங்களுக்கு மாறினார்கள். ‘த முபண்டவானா டான்சிங் சாம்பியன்’ கதை, விலைவாசி ஒரே வருடத்தில் 97 மடங்கு ஏறியபோது விட்டாலிஸ் என்ற பெரியவர் ஓய்விலிருந்து எழுந்துவந்து சவப்பெட்டி செய்ய ஆரம்பித்தார் என்று தொடங்குகிறது. மர வேலை செய்த அவருக்கு கம்பெனி கணக்கு முடித்தபோது கொடுத்தது மூன்று ஜோடி ஷூக்கள். அந்த ஷூவைப் போட்டுக்கொண்டுதான் ஆட்டப் போட்டிக்குப் போகிறார். சாவுத் தொழிலும் ஆட்டமும் ஒரே ஆளிடம். இதில் பொருளாதாரம் பற்றி உரை எதுவும் இல்லை, ஷூதான் உண்டு. பணவீக்கத்தை எழுத நினைக்கிறவர்கள் பார்த்துக் கற்கவேண்டிய இடம்.

இன்னொன்று, எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பது. எய்ட்ஸ் பல கதைகளுக்குள் இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. சின்னப் பெயருள்ள பெரிய நோய் என்று சுற்றிவளைப்பார்கள். ரோஸியின் கல்யாணத்துக்கு வந்த கூட்டம் மாப்பிள்ளையின் வெடித்த, இளஞ்சிவப்பு உதடுகளையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் கதை, எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள், சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். மிகச் சிறிய கதை. கூட்டத்திலேயே வாசித்து முடித்துவிடலாம்.

தமிழ் வாசகருக்குக் கப்பா இன்னொரு வகையிலும் கிட்டே இருக்கிறார். ஒரு கதையின் தலைப்பே ‘மை கசின்-சிஸ்டர் ரம்பனாய்’. ‘கசின் சிஸ்டர்’ என்று சொல்லாதே, அது தப்பான ஆங்கிலம் என்று நமக்குப் பள்ளியில் கொட்டு விழுந்திருக்கும். அங்கேயும் சித்தப்பா பெரியப்பா மகள் வெறும் கசின் இல்லை, சகோதரிதான். அதனால் ஆங்கிலத்தை வளைத்தார்கள். லண்டனிலிருந்து வரவேண்டிய பிணத்துக்காக ஹராரே விமான நிலையத்தில் ஒரு குடும்பமே காத்துக்கிடக்கும் கதையில், அத்தைகளும் மாமாக்களும் வந்து இறங்கும் வரிசையும் செலவுக் கணக்கும் நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. ‘ஆன்ட் ஜூலியானாஸ் இண்டியன்’ கதையில் ஓர் இந்தியக் கடை முதலாளி வருகிறார், 1980இல் சுதந்திரம் வரும் நேரம். இந்தியர்களை அங்கே கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பது கொஞ்சம் உறுத்தும். உறுத்தட்டும், நல்லதுதான்.

கப்பாவிடம் சிரமம் ஷோனா சொற்கள். அடிக்குறிப்பு தரமாட்டார். முக்கோமா, மைகுரு, முசுக்குரு என்று உறவுமுறைகள் வந்துகொண்டே இருக்கும். முதல் கூட்டத்துக்கு முன் ஒரு துண்டுச் சீட்டு போதும்: முக்கோமா அண்ணன், மைகுரு பெரியம்மா அல்லது அண்ணி, முசுக்குரு பேரப்பிள்ளை அல்லது சகோதரியின் பிள்ளை. சட்ஸா என்றால் மக்காச்சோளக் களி. கென்யக் கதையில் அதையே உகாலி என்பார்கள். ஆங்கில அகராதியில் பார்த்தால் ‘கஞ்சி போன்ற உணவு’ என்று போட்டிருக்கும், அதை நம்பாதீர்கள். உருட்டிக் குழம்பில் தோய்த்துத் தின்பது, களியேதான். நைஜீரியக் கதையில் ‘நேப்பா’ விளக்கை எடுத்துக்கொண்டுபோய்விட்டது என்று வந்தால் கரண்ட் போச்சு என்று பொருள். அது பழைய மின்வாரியத்தின் சுருக்கப் பெயர், நம் ‘ஈ.பி.’ மாதிரி. ‘கர்ரி’ நம் கறி அல்ல, மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் புளிக்கவைத்து வறுத்த ரவை. நைஜீரியத் தெருக்களின் கலப்பு ஆங்கிலமான பிட்ஜினில் ‘வெட்டின்’ என்றால் ‘என்ன’. கண்ணால் படித்தால் குழம்பும், வாய்விட்டுப் படித்தால் பாதி தானாகப் புரியும்.

அரிமாவின் ‘வாட் இட் மீன்ஸ் வென் எ மேன் ஃபால்ஸ் ஃப்ரம் த ஸ்கை’ (2017, கிர்கஸ் பரிசு) எழுதுகிறவர்களின் வட்டத்துக்கு ஏற்றது. ‘ஹூ வில் கிரீட் யூ அட் ஹோம்’ கதையில் பெண்கள் கையில் கிடைத்த பொருளைக்கொண்டு குழந்தை செய்து, தாயிடம் ஆசி வாங்கி உயிர் ஊட்டுகிறார்கள். பணக்காரிக்கு நல்ல பொருள், ஏழைக்குப் பஞ்சோ நாரோ. ஓகெச்சி என்ற பெண், செய்யக் கூடாத பொருளான தலைமுடியில் செய்துவிடுகிறாள். இந்த விதியை அரிமா எங்கும் விளக்குவதில்லை, அது ஊர்வழக்கம் என்பதுபோலப் பேசிக்கொண்டு போகிறார். யதார்த்தக் கதையே பழகியவர்கள் முதல் இரண்டு பக்கத்தில் “இது உவமையா?” என்று தடுக்கிக்கொள்வார்கள். உவமை இல்லை, அந்த உலகத்தில் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தால் சரியாகிவிடும். தொகுப்பில் யதார்த்தமும் மாயமும் கலந்தே வருவதால் கதைக்குக் கதை கியர் மாற்ற வேண்டியிருக்கும். முதல் புத்தகமாகக் கொடுத்தால் சிலர் கழன்றுகொள்வார்கள்.

உவெம் அக்பானின் ‘சே யூ’ர் ஒன் ஆஃப் தெம்’ (2008) அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் ஓப்ராவின் வாசகர் மன்றத் தேர்வானதால் பழைய புத்தகக் கடைகளிலும் கண்ணில் படும், மலிவாகவும் கிடைக்கும். அதனாலேயே எச்சரிக்கை தேவை. ஐந்தே கதைகள், அவற்றில் இரண்டு குறுநாவல் நீளம். ஒன்று சொந்த மாமாவே விற்கப் பார்க்கும் பிள்ளைகள், இன்னொன்று கலவரத்துக்குத் தப்பி ஓடும் பஸ். ருவாண்டா இனப்படுகொலைக் கதையில் ஒன்பது வயதுச் சிறுமியின் தந்தை ஹுட்டு, தாய் துட்சி. மேலே சொல்லத் தேவையில்லை. ஐந்திலும் குழந்தைகள்தான் நடுவில். ஒன்றை மட்டும் படித்தால் உலுக்கிவிடும். அடுத்தடுத்து ஐந்தையும் படித்தால் மனது மரத்துப்போகும். பிறகு ‘ஆப்பிரிக்கா என்றாலே பாவம்’ என்ற பழைய இடத்துக்கே வாசகரைக் கொண்டுபோய் விட்டுவிடும். நைரோபித் தெருக் குடும்பத்தின் கிறிஸ்துமஸ் கதையான ‘ஆன் எக்ஸ்-மாஸ் ஃபீஸ்ட்’ ஒன்றை மட்டும் எடுங்கள். முழுப் புத்தகம் வேண்டாம்.

தொகைநூல் வேண்டவே வேண்டாமா? இரண்டாம் சுற்றில் வேண்டும். அப்போதும் எது என்பதில் கவனம். ‘ஆப்பிரிக்கா39’ (2014) நாற்பது வயதுக்குட்பட்ட 39 பேரைக் காட்டும் நூல். ஆனால் உள்ளே நாவல்களிலிருந்து வெட்டியெடுத்த பகுதிகளும் இருக்கின்றன. சிறுகதை என்று நினைத்துப் படித்து, முடிவு எங்கே என்று தேடுவீர்கள். நைஜீரிய எழுத்தாளர் ஹெலான் ஹபிலா தொகுத்த கிராண்டா பதிப்பக நூல் (2011) கதைகளாகவே உள்ளது, தேர்வும் நிதானம்.

கேய்ன் பரிசுத் தொகைநூல்கள் வேறு ரகம். ஆப்பிரிக்க எழுத்தாளர்களுக்கு 2000இலிருந்து கொடுக்கப்படும் இந்தப் பரிசு ஒற்றைக் கதைக்கானது. 3,000 முதல் 10,000 சொற்கள், ஆங்கிலத்தில் அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பில் வெளியாகியிருக்க வேண்டும். ஆண்டுத் தொகைநூல்களில் குறும்பட்டியலின் ஐந்து கதைகளோடு, பரிசுக்குழு நடத்திய பட்டறையில் எழுதப்பட்ட கதைகளும் சேர்ந்து வரும். அந்த ஐந்தும் தேறும். பட்டறைக் கதைகள் பட்டறைக் கதைகள் மாதிரியே இருக்கும். பரிசு எதை விரும்புகிறது என்ற சண்டையும் பழையது. 2001இல் இதே பரிசை வாங்கிய ஹபிலாவே, 2013இல் நோவயலெட் புலவாயோவின் நாவலை மதிப்பிடும்போது, வறுமையைக் காட்சிப்பொருளாக்கும் ஒரு ‘கேய்ன் பரிசு அழகியல்’ உருவாகிவிட்டதோ என்று கேட்டார். அந்த நாவலின் முதல் அத்தியாயம்தான் 2011இல் பரிசு வென்ற ‘ஹிட்டிங் புடாபெஸ்ட்’: சேரிக் குழந்தைகள் பணக்காரத் தெருவுக்குக் கொய்யா திருடப் போகும் கதை. குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் குழந்தைகளின் பேச்சைக் கேட்டவர்கள் அதை அழுகைக் கதை என்று சொல்ல மாட்டார்கள், அவ்வளவு நக்கல்.

பரிசுத் தொகைநூலைத் தொடுவதற்கு முன் அடிச்சியின் ‘ஜம்பிங் மங்கி ஹில்’ கதையைப் படித்துவிடுவது நல்லது. கேப்டவுன் பக்கத்தில் ஆப்பிரிக்க எழுத்தாளர் பட்டறை. எந்தக் கதை ‘உண்மையான ஆப்பிரிக்கா’ என்று தீர்ப்பு சொல்பவர் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பரிசுக் கதைகளைப் பார்த்தால் எது யாருக்காக எழுதப்பட்டது என்பது கொஞ்சம் பிடிபடும்.

புத்தகத்துக்கே காசில்லை என்றாலும் ஆறு கூட்டத்தை ஓட்டலாம். கேய்ன் குறும்பட்டியல் கதைகள் பல இணையத்தில் பி.டி.எஃப்.பாகவே கிடைக்கின்றன. ரொட்டிமி பாபாதுண்டேயின் ‘பாம்பேஸ் ரிபப்ளிக்’ (2012இல் பரிசு பெற்றது) கதையில் இரண்டாம் உலகப்போரில் பர்மாக் காட்டில் சண்டையிட்டுத் திரும்பும் நைஜீரியச் சிப்பாய், பழைய சிறைக் கட்டடத்தைத் தன் தனி நாடு என்று அறிவிக்கிறான். சூடானின் புஷ்ரா அல்-ஃபாதில் 2017இல் வென்றது அரபு மொழிக் கதைக்கு. கென்ய வேர் கொண்ட ‘ஜலாடா’ இதழ் 2016இல் கூகி வா தியாங்கோ கிகுயு மொழியில் எழுதிய ஒரு நீதிக்கதையை முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளியிட்டது. மாய, அறிவியல் புனைவுக்கு ‘ஒமெனானா’ இதழ். இலவச வழியின் குறை, தேர்ந்தெடுக்கும் வேலை முழுக்க நடத்துபவர் தலையில் விழும் என்பதுதான். ஒரு கதையை வைக்க ஐந்தைப் படிக்கத் தயாராக இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

படிக்க இலவசம் என்றால் மொழிபெயர்க்கவும் இலவசம் என்று அர்த்தமில்லை. கூட்டத்தில் பிடித்துப்போன கதையை யாராவது தமிழாக்கி இதழுக்கு அனுப்ப நினைப்பது வழக்கம். உரிமை பெரும்பாலும் எழுத்தாளரிடமோ அவருடைய முகவரிடமோ இருக்கும், வெளியிட்ட இதழிடம் அல்ல. எந்தக் கதை, எந்தத் தமிழ் இதழ், எத்தனை பிரதி, ஒருமுறை வெளியீடா, சன்மானம் உண்டா என்பதை ஒரே மடலில் எழுதிக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முடித்துவிட்டுக் கேட்டால், மறுத்துவிடும்போது உழைப்பு வீண்.

நேரக் கணக்கு: வாய்விட்டு நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்குச் சுமார் 130 ஆங்கிலச் சொற்கள். 5,000 சொல் கதைக்கு நாற்பது நிமிடம் ஆகும். ஆகவே இரண்டு மணிநேரக் கூட்டத்துக்கு ஒரு நீளக் கதை, அதை வீட்டிலேயே படித்து வரவேண்டும். ஒரு சின்னக் கதை, அதை அங்கேயே வாசிக்கலாம். மூன்று வைத்தால் மூன்றாவதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். கப்பாவின் பதின்மூன்றில் பத்தை ஐந்து கூட்டத்தில் முடித்துவிட்டு, ஆறாவதை வேறு எழுத்தாளர்களுக்கு விட்டுவையுங்கள்.

அந்த ஆறாவது கூட்டத்துக்கு மக்கேனா ஒஞ்செரிக்காவின் ‘ஃபாண்டா பிளாக்கரண்ட்’ (2018 பரிசு), கூடவே அடிச்சியின் தலைப்புக் கதை. முதலாவதை நைரோபித் தெருச் சிறுமிகள் கூட்டாகச் சொல்கிறார்கள். மெரி என்ற ஒருத்தி கடவுளிடம் கேட்பது, தினமும் குடித்தாலும் தீராத ஒரு பெரிய ஃபாண்டா பிளாக்கரண்ட் மட்டும்தான். இரண்டாவது முழுக்க முன்னிலையில், அமெரிக்கா வந்த பெண்ணிடம் அவள் கதையையே சொல்வதுபோல. ஆங்கிலத்தில் ‘வி’, ‘யூ’ என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். தமிழில் அது முடியாது. தெருச் சிறுமிகள் ‘நாங்கள்’ என்றால் வாசகர் வெளியே நிற்கிறார். ‘நாம்’ என்றால் அவரும் சாக்கடையோரம் உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்கா வந்தவளை ‘நீ’ என்றால் சொல்பவர் அவளுடைய அக்காவோ அவளே தானோ. ‘நீங்கள்’ என்றால் விசா அதிகாரியின் குரல் வந்துவிடுகிறது. இரண்டு கதையிலும் முதல் பத்தியை ஆளுக்கொரு விதமாகத் தமிழாக்கி வரச் சொல்லிவிட்டு, எட்டுப் பேரின் தாளையும் வரிசையாக வாசித்துப் பாருங்கள்.